மகள் பேரில் வந்த கப்பல்

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் பெட்டி பிரிப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சபைகளிலிருந்து எங்கள் பிள்ளைகளுக்கு வருகிற பெட்டி அது. வெயில் காலத்திலேயே மிஷன் பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானி அம்மா வீடு வீடாக வந்து பிள்ளைகளின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார். அந்தப் பேர்கள் கப்பலேறிப் போய், பொம்மையாகவும் பென்சிலாகவும் சட்டைத் துணியாகவும் மார்கழியில் திரும்பி வரும். ஒவ்வொரு பொருளிலும் ஒரு பேரைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பாதிரியார் அதை உரக்கப் படிப்பார். பிள்ளை ஓடிப் போய் வாங்கிக்கொள்ளும்.

அந்த வருஷம் என் மகளின் பேரையும் படித்தார்கள்.

அவள் புரட்டாசி மழையில் வாந்திபேதி கண்டு போய்விட்டிருந்தாள். பேர் எழுத வந்தபோது இருந்தாள். துரைசானி அம்மாவின் குடையைத் தான் பிடித்துக்கொண்டு வருவேன் என்று அடம்பிடித்துத் தெருக்கோடி வரைக்கும் கூடவே போனாள். அந்தப் பாதிரியார் புதிதாக மாற்றலாகி வந்தவர். அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் இரண்டாம் தடவையும் கூப்பிட்டுவிட்டார்.

நான் கூட்டத்தில் எழுந்து நிற்கிற ஆள் இல்லை. எப்போதும் கடைசிப் பாயில், தூண் மறைவில் உட்காருகிறவன். பாட்டுப் பாடும்போதுகூட வாய்தான் அசையும், சத்தம் வராது. ஆனால் மூன்றாம் தடவையும் அந்தப் பேரைக் கூப்பிட்டுவிட்டால் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் மனைவி என்ன ஆவாளோ என்று பயம் வந்துவிட்டது. எழுந்து போய்க் கையை நீட்டினேன்.

"பிள்ளை வரலியா?" என்று பாதிரியார் சிரித்த முகமாகக் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் பெட்டியைக் கையில் வைத்தார். திரும்பி நடந்து வந்த அந்தத் தூரத்தை இன்றைக்கும் என் கால்கள் மறக்கவில்லை.

கோயில் வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். "எதுக்குப் போய் வாங்கினே?" என்றாள். அவ்வளவுதான். வீடு வரைக்கும் வேறு பேச்சு இல்லை.

அவள் பேச்சை விட்டுப் பல வாரம் ஆகியிருந்தது. முன்பெல்லாம் அப்படி இல்லை. பீடி சுற்ற முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாளென்றால் வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் ஓடும். தெருவில் போகிறவர்களையெல்லாம் இழுத்து நிறுத்திக் கேலி செய்வாள். நான் பேசவேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. மகளைப் புதைத்துவிட்டு வந்த பிறகு அந்த வாய் ஓய்ந்துவிட்டது. கை மட்டும் ஓடியது.

அவளுடைய தம்பி கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். துக்கத்துக்கு வந்தபோதே, "அக்கா கொஞ்ச நாள் எங்கூட வந்து இருக்கட்டும் மாமா. இங்கயே இருந்தா பைத்தியம் புடிச்சுடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். தை மாதம் வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. அவளும் சரி என்று சொல்லியிருந்தாள். கொஞ்ச நாள் என்று அவன்தான் சொன்னான். அவளோ மகளின் துணிகளோடு தன் துணிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டாள். கொடியில் அவளுடையதென்று மாற்றுப் புடவை ஒன்று மட்டும் தொங்கியது. போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெட்டியை வாங்கிவந்த மறு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைத் திறந்தேன். அட்டைப்பெட்டி. மூடியில் பாய்களையெல்லாம் விரித்துக்கொண்டு போகிற ஒரு கப்பலின் படம். பேரைப் பார்த்து ஆண்பிள்ளை என்று நினைத்து அனுப்பினார்களோ என்னவோ. எங்கள் பேர்களில் ஆண் எது, பெண் எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உள்ளே கப்பல் இல்லை. கப்பலாக ஆகவேண்டிய மரத் துண்டுகள் இருந்தன. முழ நீளத்தில் பாதி செதுக்கிய அடிக்கட்டை ஒன்று, மெல்லிய குச்சிகள், கடுகு மாதிரி பித்தளை ஆணிகள், பாய்க்கு வெள்ளைத் துணி, ஒரு நூல்கண்டு, அப்புறம் நாலாக மடித்த ஒரு காகிதம். காகிதம் முழுக்க இங்கிலீஷ். நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும். தமிழ் எழுத்தைக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷில் ரயில் டிக்கெட்டில் இருக்கிற ஊர்ப்பேர்கூடத் தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாற்பதை நெருங்குகிறவன், பிள்ளையைப் பறிகொடுத்தவன், விளையாட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் எப்படி நிற்பது? மூடியில் இருந்த படத்தைப் பார்த்தே கட்ட ஆரம்பித்தேன்.

ஏன் கட்டினேன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் மகளின் பேர் எழுதிய பொருள் அது ஒன்றுதான் இருந்தது. அதை மூடியே வைத்திருக்க மனசு வரவில்லை.

எனக்குத் தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழி வேலை. விடிந்ததிலிருந்து குழியில் இறங்கித் தோலை மிதித்துப் புரட்டிப் போடவேண்டும். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமான தோல்கள் கட்டுக் கட்டாக ரயிலேறி, மதராஸ் போய், அங்கிருந்து கப்பலேறும் என்பார்கள். நானோ கடலைப் பார்த்ததில்லை. எங்கள் கிடங்கில் வேலை செய்த யாருமே பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் பாலாறுதான், அதிலும் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும்.

குழிக்கரையில் எங்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் ஒரு சாயபு. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனுஷர். பெட்டி விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது.

"இன்னாப்பா, நம்ம முதலாளி தோலை மட்டும்தான் கப்பல்ல அனுப்பறார். நீ கப்பலையே கட்றியாமே? ரங்கூன் போறதா உத்தேசமா?" என்றார்.

குழிக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தோலைப் பார்த்துக்கொண்டு மிதித்தேன்.

"சிரிக்காதீங்கடா. பாலாத்துல வெள்ளம் வந்தா அவந்தான் உங்களையெல்லாம் ஏத்திக்கினு போவணும். வாடகை மட்டும் ஜாஸ்தி கேக்காதே தோஸ்த்" என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு என் பக்கம் குனிந்து, "மரத்த ஒட்டறதுக்கு வஜ்ஜிரம் வேணும்னா தோல் துண்டு எடுத்துக்கினு போய்க் காச்சிக்கோ. யாரும் கேக்கமாட்டாங்க" என்று சொன்னார்.

வஜ்ஜிரம் காய்ச்சிய நாற்றம்தான் என் மனைவியின் வாயைத் திறந்தது. தோல் துண்டுகள் சட்டியில் கொதித்துக் கூழாகிக்கொண்டிருந்தன. அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உம்மேல அடிக்கிற நாத்தம் போதாதுன்னு கப்பலுக்கும் பூசறியா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் அது பழைய பேச்சு. கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தால் அந்தப் பேச்சும் நின்றுவிடுமோ என்று பயந்து கிளறிக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு, நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டும்போது அவள் முறத்தோடு கொஞ்சம் தள்ளி வந்து உட்கார ஆரம்பித்தாள். பேசமாட்டாள், பீடி சுற்றுவாள். ஒருநாள் கையை நிறுத்திவிட்டுப் பெட்டி மூடியை எடுத்துப் பார்த்தாள். "யோவ், நீ கூர்ப்பக்கத்த பின்னால வச்சிருக்கே. இது பின்னாலயே போற கப்பலா?" என்றாள். பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. பாய்மரத்துக்குத் துளை போடும்போது முன்னும் பின்னும் மாறிப் போயிருந்தது. துளையை அடைத்து மறுபடியும் போட்டேன். பாய்த் துணியை என் கையிலிருந்து அவளே வாங்கிக்கொண்டாள். "சுண்ணாம்புல ஊறின விரல வச்சிக்கினு ஊசிய எப்படிப் புடிப்பே?" என்று சொல்லி, ஓரங்களை மடித்து நுணுக்கமாகத் தைத்துக் கொடுத்தாள்.

தை பிறந்தது. சொன்னபடி தம்பி வந்தான். அக்கா புறப்பட்டு நிற்பாள் என்று நினைத்து வந்தவனிடம் அவள், "இப்ப இல்லடா. கப்பல் முடியட்டும்" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான், கப்பலைப் பார்த்தான். "இன்னாக்கா பேசறே? குழந்தை விளையாட்டுச் சாமான்."

"அவ பேர்ல வந்தது. பாதியில போட்டுட்டு வரக்கூடாது."

ஈஸ்டர் முடிந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போனான். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், இதை முடித்துவிட்டால் அவள் போய்விடுவாளே என்ற திகில். சுரண்டிய இடத்தையே மறுபடியும் சுரண்டிக்கொண்டு காலத்தைக் கடத்தினேன். அது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? "மரம் பாவம், தேஞ்சிடப்போவுது" என்று ஒருநாள் சொன்னாள்.

கடைசியில் பாய்மரங்களை நட்டு, அவற்றை இழுத்துக் கட்டுகிற வேலைதான் மிச்சம். பெட்டியில் இருந்த நூல்கண்டை எடுத்தேன். எலி கடித்துத் துண்டு துண்டாகிக் கிடந்தது. என் மனைவி முறத்தில் இருந்த பீடி நூலை எடுத்து நீட்டினாள்.

"இந்தா, இதுல கட்டு."

நான் வாங்கவில்லை. எங்கள் தெருவில் எது உடைந்தாலும் நூலையோ சணலையோ தேடமாட்டோம். மண்வெட்டிக் காம்பு ஆடினாலும் கட்டில் கால் விட்டுக்கொண்டாலும் மயிர் நீக்கிய பச்சைத் தோலில் ஒரு வார் கிழித்து ஈரத்தோடு சுற்றிக் கட்டுவோம். ஈரத்தில் வெண்டைக்காய் நார் மாதிரி வழவழவென்று இருக்கும். காய்ந்தால் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும், இரும்புப் பூண் தோற்றுப்போகும். என் மகள் இழுத்து விளையாடிய மரவண்டியின் சக்கரத்தையும் அப்படித்தான் கட்டிக் கொடுத்திருந்தேன். அந்த வண்டியில் அதற்கப்புறம் ஒன்றும் கழன்றதில்லை.

"நூல் இத்துப்போவும். வார் போட்டா நம்ம காலத்துக்கும் நிக்கும்" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு உறுதியாக ஒரு பேச்சு வந்தது எனக்கே ஆச்சரியம்தான்.

அவள் நூலை முறத்தில் திரும்பப் போட்டுவிட்டாள். "ஒன் இஷ்டம்."

ஆட்டுத் தோலின் வயிற்றுப் பக்கத்து ஓரத்திலிருந்து நூல் மாதிரி மெல்லிசாக வார் எடுத்தேன். மாசி மாதம், காலையில் பனி பெய்துகொண்டிருந்த நாட்கள். காய்ந்தால் சுருங்கும் என்பது குழிக்காரனுக்குத் தெரியாததா? அதற்கென்று கொஞ்சம் தொய்வு விட்டுத்தான் கட்டினேன். காய்ந்ததும் பாய்மரங்கள் மூன்றும் விறைப்பாக நேரே நின்றன. வாரை விரலால் சுண்டினால் டங்கென்று சத்தம் வந்தது. மேஸ்திரி ஒருநாள் வீட்டுப் பக்கம் வந்தவர் வாசலில் நின்றபடியே பார்த்து, "மாஷா அல்லா" என்றார். கேலி செய்யவில்லை.

என் மனைவி பரண்மேல் இருந்த மூட்டையை இறக்கினாள். மகளின் சிவப்புப் பாவாடையின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நடு மரத்தின் உச்சியில் கொடியாகக் கட்டினாள். கப்பலை டிரங்குப் பெட்டியின்மேல் வைத்தோம். அதற்குப் பிறகு அவள் அந்த மூட்டையைப் பரண்மேல் ஏற்றவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு புடவையாக எடுத்துக் கட்டத் தொடங்கினாள். துவைத்துப் போட்டபோது கொடிக்கயிறு நிறைந்தது. எதிர்வீட்டுக்காரியோடு தண்ணீருக்குச் சண்டைகூடப் போட்டாள். நான் உள்ளே உட்கார்ந்து அந்தச் சண்டையை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவன் வந்தா, அக்கா வரலேன்னு நீ சொல்லிடு."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா எனக்குப் பைத்தியம்னுவான். நீ சொல்லு. எம்பொஞ்சாதி எங்கூட இருக்கட்டும்னு ஒரு வார்த்தை. வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருக்கே?"

சரி என்றேன். அந்த ஒரு வார்த்தையைக் குழியில் தோலை மிதிக்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சித்திரை வெயில் அந்த வருஷம் முன்னதாகவே ஏறிவிட்டது. எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லி விளங்காது. சுற்றிலும் கரட்டுமலை. பாறை காய்ந்து, ஆற்று மணல் காய்ந்து, ஓடு காய்ந்து, வீட்டுக்குள் இருக்கிற பானைகூடத் தொட்டால் சுடும். தம்பி வந்த அன்று காற்றில் ஈரமே இல்லை. மத்தியானம் நானும் அவனும் சாப்பிட உட்கார்ந்தோம். கருவாட்டுக் குழம்பு. அவன் குஷியாக இருந்தான்.

"கப்பல் நல்லாத்தான் இருக்குது மாமா. அக்காவ இதுலயே ஏத்தி அனுப்பிடுங்க, ரயில் சார்ஜு மிச்சம்" என்று சிரித்தான். "மூட்டை கட்டிட்டியாக்கா? சாயங்கால வண்டிக்குப் போயிடலாம்."

என் மனைவி குழம்புக் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். இப்போது சொல்லவேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே வார்த்தையைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். "மச்சான்" என்றேன்.

"இன்னா மாமா?"

அப்போதுதான் டிரங்குப் பெட்டியின்மேல் படாரென்று ஒரு சத்தம். உலர்ந்த சுள்ளியை முறித்த மாதிரி. அதன் பின்னாலேயே இன்னொன்று. நடுப் பாய்மரம் இடுப்பில் ஒடிந்து பாய்களோடு முன்னால் தொங்கியது. அது சாய்ந்த வேகத்தில் பின்மரத்தையும் இழுத்து முறித்துவிட்டது. யாரும் தொடவில்லை. காற்றுகூட அடிக்கவில்லை. அந்த வெயிலில் வார் இன்னும் இறுகியிருக்கிறது. மண்வெட்டிக் காம்பு அந்த இறுக்கத்தைத் தாங்கும். ஈர்க்குச்சி மாதிரி இருக்கிற மரம் எப்படித் தாங்கும்? அதை நான் நினைக்கவில்லை.

தம்பிக்கு முதலில் விளங்கவில்லை. "எலியா?" என்றான்.

என் மனைவி கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுப் போய்க் கப்பலின் முன்னால் நின்றாள். ஒடிந்த மரத்தை நிமிர்த்திப் பிடித்தாள். கையை விட்டாள். அது மறுபடியும் சாய்ந்தது.

"நூல் குடுத்தனே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொங்கிய பாயைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதுவும் போயிடுச்சு" என்றாள்.

தொண்டையில் இருந்த வார்த்தை அங்கேயே நின்றுபோயிற்று. சோறு கையில் காய்ந்தது. அவள் கொடிக்கயிற்றில் கிடந்த புடவைகளை உருவி மடிக்க ஆரம்பித்தாள். சிவப்புத் துணியை முடிச்சு அவிழ்த்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சாயங்கால வண்டிக்கு நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆம்பூர் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வண்டி வந்து நின்றபோது, "அரிசி பானையில இருக்குது. ஊறுகாய மூடி வை" என்றாள். வண்டி புறப்பட்டது.

அவளைக் கூப்பிட நான் ஒருமுறை கோலார் போனேன். அதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, விசாரித்துக்கொண்டு தம்பி வீட்டைக் கண்டுபிடித்தேன். வரிசை வரிசையாகத் தகர வீடுகள். அவள் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். தம்பியின் பிள்ளைகள் சுற்றிலும் கத்திக்கொண்டிருந்தன. அவற்றை அவள் திட்டிக்கொண்டிருந்தாள், பழைய வாயோடு. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

டீத்தண்ணி கொடுத்தாள். குடித்தேன். வெளியே மழை தூறியது.

"கப்பல் இன்னா ஆச்சு?" என்றாள்.

"அப்படியே இருக்குது."

"வார அவுத்தியா?"

"இல்ல."

"அவுத்துடு. இல்லாட்டி மிச்சம் இருக்கிறதையும் இழுத்து ஒடைச்சிடும்."

சரி என்றேன். வீட்டுக்கு வரட்டுமா என்று அவள் கேட்கவேண்டும் என்று நானும், வா என்று நான் சொல்லவேண்டும் என்று அவளும் காத்திருந்தோமா, இல்லை நான் மட்டும்தான் அப்படி நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. மாலை வண்டிக்கு எழுந்தேன். குடையை எடுத்துக் கொடுத்தாள். முறத்தைப் பார்த்தேன். நூல் அதில்தான் கிடந்தது. அவள் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கப்பலை ஒரு அண்டாத் தண்ணீருக்குள் இறக்கினேன். அது தண்ணீரைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஊறியதும் வார்கள் மறுபடியும் வழவழவென்று இளகின. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து எடுத்தேன். ஒடியாமல் தப்பித்த முன்மரத்தில் வார் கவ்வியிருந்த இடமெல்லாம் பள்ளம் விழுந்திருந்தது. அதை விரலால் தடவினால் இன்றைக்கும் தெரியும்.

அடிக்கட்டையும் அந்த ஒற்றை மரமும் டிரங்குப் பெட்டியின்மேல்தான் இருக்கின்றன. அவள் கோலாரில் இருக்கிறாள். கொடிக்கயிற்றில் என் வேட்டி மட்டும் காய்கிறது.